கட்டுக் கணக்கு

சர்க்கரை பார்டரில் இருக்கு என்றாள் நர்சு.
பார்டர் வைத்த சேலைகூட
என்றைக்கு எனக்கு வாய்த்தது.

வெறும் வயிற்றில் நூற்றுப் பதினெட்டு
என்று அட்டையில் எழுதி
அடியில் ஒரு கோடு போட்டாள்.
பீடிக்கடைக் கணக்குப்பிள்ளையும் இப்படித்தான்,
கழிவு எண்ணி முடித்ததும் ஒரு கோடு.

என்ன சாப்பிடுதீங்க? சோறு.
காலையில் பழையது, மத்தியானம் சுடுசோறு,
ராத்திரி அதில் மிச்சம்.
ஊடே நாலு தேயிலை, சீனி தூக்கலா.
குடிக்காவிட்டால் விரல் ஓடாது தாயி.
இனிமே சீனி இல்லை, கருப்பட்டிதான்
என்று நான் கெட்டிக்காரியாய்ச் சொன்னபோது
நானும் உடன்குடிக்காரிதான் என்று சிரித்தாள்,
ரெண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைக.

வேலை?
உட்கார்வது.
இருபத்தாறு வருசமாய் உட்கார்கிறேன்.
மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும்,
கால் மரத்து, மரத்ததும் மறந்துபோய்.
முக்கூடலில் பிறந்து முக்கூடலில் வாக்கப்பட்டவள்,
ஆறு ஓடுகிற சத்தம் கேட்டு
எத்தனை நாளாச்சு என்று தெரியாது.

நடக்கணும், தினம் நாற்பது நிமிசம்.
நாற்பது நிமிசம் என்றால் மூணு கட்டு பீடி.
அந்த மூணு கட்டை நீ தருவியா
என்று கேட்க வாயெடுத்தேன்.
அவள் செருப்பும் குதிகாலில் தேய்ந்திருந்தது.
கேட்கவில்லை.

முதல் ராத்திரி நானும் பிரம்மசக்தியும்.
நைட்டிக்கு மேலே துண்டு,
கையில் காலித் தட்டு.
யாராவது கேட்டால்
இலை வாங்கக் கடைக்குப் போகிறோம்.
ஒன்பது மணிக்கு எந்தக் கடையில் இலை
என்று ஒருத்தரும் கேட்கவில்லை.
மூன்றாம் நாள் தட்டை வீட்டிலேயே விட்டோம்.
அடுத்த வாரம் செய்யதலி பாத்திமா வந்தாள்,
முழங்காலைத் திட்டிக்கொண்டே.

எதை வைத்து எண்ண?
பழகினதை வைத்து எண்ணினோம்.
இருபத்தஞ்சு எட்டு வைத்தால் ஒரு கட்டு,
நாற்பது கட்டு ஆயிரம்.
தபாலாபீசு வரை பதினெட்டுக் கட்டு.
பாலம் தாண்டிப் போய்த் திரும்பினால் நூற்றறுபது.
நாலு நாள் வேலை ஒரே ராத்திரியில்,
உள்ளங்காலால் சுற்றியது.
இதில் ஒன்றைக்கூட
கழிவு என்று யாரும் ஒதுக்க முடியாது.
கூலியும் கிடையாது, அது வேற.

சோற்றைக் குறைத்தேன் என்று சொல்லிவிடலாம்.
ரெண்டாவது அகப்பையைச் சட்டியில் திரும்பக் கொட்டும்போது
கை கொஞ்சம் நிற்கும்.
அந்த இடத்தில் முருங்கைக்கீரை, அவரைக்காய்,
சில நாள் வெறும் தண்ணீர்.
தீபாவளிக்கு மருமகன் டவுனிலிருந்து
அரைக்கிலோ அல்வா கொண்டுவந்தான்.
தின்றேன். பொய் சொல்ல மாட்டேன்.
விரலில் ஒட்டிய நெய்யையும் விடவில்லை.
அன்றைக்கு இருநூறு கட்டு.

நேற்று பாலத்து விளக்கடியில் ஒருத்தர்
பீடி குடித்துக்கொண்டு நின்றார்.
என்ன தாயி, இந்நேரத்தில் எங்கே சோலி
என்று கேட்டு முடிப்பதற்குள் மூன்று இருமல்.
சீக்கு வராம இருக்க நடக்கோம் அண்ணாச்சி
என்றாள் பிரம்மசக்தி.
நல்லது, நல்லது என்று இன்னொரு இழுப்பு.
காலடியில் அவர் போட்ட துண்டில்
ரோஸ் நூல்.
எங்கள் கடை நூல்.
குனிந்து முடிச்சைப் பார்த்தால்
யார் கைச்சுற்று என்று சொல்லிவிடுவேன்.
குனியவில்லை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு
அந்தப் புகையைத் தாண்டினோம் மூன்று பேரும்.
தாண்டி மூச்சை விட்டபோது
அறுபத்தொன்றா அறுபத்திரண்டா,
எண்ணம் தப்பியிருந்தது.
ஒருத்தியும் பேசவில்லை.
கீழே தண்ணீர் பாறையில் மோதி
சளசளவென்று போய்க்கொண்டிருந்தது.

சரி ஏட்டி, என்றேன்.
ஒண்ணிலேருந்து வருவோம்.