ஆறாவது சிலிண்டர்

நூற்று நாற்பது. நூற்று நாற்பத்தைந்து.
நூற்று முப்பத்தெட்டு.
போஹ்டான் முள்ளைப் பார்த்துச் சொல்லச் சொல்ல
பீட்சா அட்டையின் பின்புறம் எழுதிக்கொண்டே வந்தேன்.
ஆறாவதில் நிறுத்தினான்.
மறுபடி சாவியைத் திருப்பச் சொன்னான்.
மறுபடியும்.
அறுபது.

டிப்ஸ்டிக்கைத் துடைக்காமலே என்னிடம் நீட்டினான்.
பால் கலந்த காப்பி.
ஈரி ஏரி உள்ளே வந்து
குளிர்காலம் முழுக்கக் குடியிருந்திருக்கிறது,
வாடகை தராமல்.

சாண்டஸ்கியில் ஜனவரி.
தகரக் கொட்டகையில் மண்ணெண்ணெய் ஹீட்டர்
முழங்காலை மட்டும் சுடும்; முதுகு ஐஸ்.
புது எஞ்சின் பத்தாயிரத்து எண்ணூறு டாலர்.
படகை விற்றால் நாலாயிரம் வரலாம்,
வாங்க வருகிறவனுக்குக் கண் தெரியாவிட்டால்.
நான் முதியோர் இல்லத்தில் போர்வை துவைக்கிறேன்.
அவன் பள்ளிப் பேருந்துக்கு பிரேக் மாட்டுகிறான்.
ஆளுக்குப் பாதிப் படகு.

மெஷின் ஷாப் ஸ்டெங்கர்
பிளாக்கின் துருக்குழியில் விரலைவிட்டார்.
நகம் சிக்கி நின்றது.
"அறுபது தௌ கடைந்தாலும் இது போகாது.
சர்ச் வாசலில் வை, பூத்தொட்டி ஆகும்."
சொன்னதற்குப் பணம் வாங்கவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.

நார்வாக் தாண்டி ஒரு சோளக்காட்டு ஓரத்தில்
கூரை இடிந்த மோட்டார் ஹோம் கிடந்தது.
கதவில் அமெரிக்க வரைபடம்,
போய்வந்த மாநிலங்களுக்கெல்லாம் வண்ண ஒட்டு,
கடைசியாக அரிசோனா.
எலி கூடு கட்டிய மூடியைத் தூக்கினால்
அதே பிக் பிளாக், அதே நானூற்று ஐம்பத்துநாலு.
முப்பத்தெட்டாயிரம் மைல்.
பாலைவனம் பார்த்தது; ஏரி பார்க்காதது.
எழுநூறு டாலர்.

சுண்டைக்காய் கால் பணம் என்றால்
சுமைகூலி எவ்வளவு என்று கிரேன்காரனைக் கேளுங்கள்.
சாலையில் ஓடியதை அப்படியே தண்ணீரில் இறக்கவும் முடியாது.
இரும்பு மூடிகளைப் பிடுங்கிப் பித்தளை அடித்தோம்.
கேம் ஷாஃப்டை மாற்றினோம், கேஸ்கெட்டை மாற்றினோம்.
பழசிலிருந்து கழற்றிய ஸ்டார்ட்டரைக்
குழந்தையைப் போலத் துடைத்து மாட்டினோம்.
வண்டி ஸ்டார்ட்டர் பொறி கக்கும்,
படகின் அடிவயிற்றிலோ
பெட்ரோல் ஆவி பொறுமையாகக் காத்திருக்கும்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை.
அவன் எஞ்சினுக்குப் பின்னால் தலைகீழாய்த் தொங்குகிறான்,
வெளியே தெரிவது இரண்டு பூட்ஸ் மட்டும்.
பூட்ஸிடம் பேசுவது எளிது.
மூன்று வருடம் முன்பு
எக்ஸாஸ்ட் ரைசர் இரண்டும் அரித்துவிட்டன, மாற்று என்றாய்.
உன் பங்கு முந்நூறு கொடுத்தாய்.
நான் மாற்றவில்லை, போஹ்டான்.
அந்த மாதம் எங்கள் வீட்டு ஃபர்னஸ் செத்திருந்தது.
கறுப்புப் பெயிண்ட் ஒரு டப்பா, ஒன்பது டாலர்.
இரண்டு கோட் அடித்தேன்.
தண்ணீர் அந்த வழியாகத்தான் வந்தது.

பூட்ஸ் அசையவில்லை.
ஹீட்டர் ஒருமுறை இருமியது.
பிறகு ஒரு கை மட்டும் வெளியே நீண்டது:
"ஒன்பது பை பதினாறு."
ஸ்பேனரைக் கொடுத்தேன்.

மறுநாள் புது ரைசர் பில் என் லாக்கரில் செருகியிருந்தது.
எழுநூற்று நாற்பது.
பக்கத்தில் பென்சிலில்: இலோனா, முழுசும்.
கீழே: பழைய முந்நூறு, ஜூனுக்குள்.
முதல்முறை வாசித்தபோது கோபம் வந்தது.
இரண்டாம் முறை, ஜூனில்
அவன் இங்கே இருப்பான் என்று புரிந்தது.

மே பத்தொன்பது, படகை இறக்கினோம்.
நாலு முறை முக்கியது. ஐந்தாவதில்
கொட்டகைக்குப் பின்னாலிருந்த கடற்பறவைகளெல்லாம் எழும்பின.
ஆயில் பிரஷர் ஐம்பது.
கரை எங்களைவிட்டு விலக,
அவன் மூடியைத் திறந்து
புது ரைசர்மேல் உள்ளங்கையை வைத்தான்.
கை பொறுக்கிற சூடுதான்.
"சரியா?" என்றேன்.
பதில் சொல்லாமல் குனிந்து
கட்டைவிரல் நகத்தால்
இரும்பைச் சுரண்டிப் பார்த்தான்.