சேறு திருப்பித் தருவது

பாதிக் கூலி முன்பணம், மீதி மறுகரையில்.
அப்படித்தான் பேச்சு.
யர்மோலா எச்சில் தொட்டு எண்ணினான்,
இரண்டு முறை.
பிறகு என் பாவாடைக் கரையைப் பார்த்தான்.
உள்ளே தைத்திருந்தது சாக்கரின்,
எல்லைக்கு அப்பால்
ஒரு கரண்டிக்கு ஒரு கோழி.
மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள்.
என் பயமோ ஓர் ஆளாகி
நீளக் கம்பொன்றை ஊன்றிக்கொண்டு
எனக்கு முன்னால் நடந்தது.

பிரிப்யாத் சதுப்பில் அக்டோபர்.
நீர் உறையவுமில்லை, ஓடவுமில்லை.
பாசியில் கால் வைத்தால்
பத்தடி தள்ளி ஒரு பிர்ச் மரம் தலையாட்டுகிறது.

"என் தடத்திலேயே கால் வை, பராஸ்கா."
வைத்தேன்.
அந்தத் தடம் எனக்குத் தெரியும்.
இடது குதிகாலில் ஏழு செப்பாணி, ஒன்று வளைந்தது.
வளைத்தது என் சுத்தியல்.
"விடு, சேறு வந்து குற்றம் சொல்லப்போகிறதா?"
என்று சிரித்துவிட்டுப் போன தம்பி,
மார்ச் மாதம்.

"நல்ல பூட்ஸ்" என்றேன்.
"ஒரு பையன் அமிழ்ந்தான். எவ்வளவோ இழுத்தேன்.
ஆள் போனான், பூட்ஸ் கையோடு வந்தது."
நாக்கு ஒருமுறைகூட இடறவில்லை.
பலமுறை சொல்லிப் பழகிய துக்கம்.

இருட்டியதும் அவை வந்தன.
முழங்கால் உயரத்தில், நீலமாய்.
கொள்ளிவாய்ப் பிசாசென்று சொல்ல வாய் வரவில்லை,
அத்தனை சிறியவை.
ஞானஸ்நானத்துக்கு முன்பே செத்த பிள்ளைகள்,
பெயர் கேட்டுப் பின்தொடரும் என்பார்கள் எங்கள் பக்கம்.
ஒரு பெயர், ஒரு துண்டுத் துணி,
கிடைத்தால் தூங்கிவிடும்.

யர்மோலா தன் சட்டையைக் கிழித்தான்.
"அகாபா" என்றான் ஒன்றிடம்,
தொட்டிலை ஆட்டுகிறவன் போல.
அணைந்தது.
"நிச்சிப்பர்." அதுவும்.
இந்தக் குரலை இவனுக்கு யார் கொடுத்தது?
பன்னிரண்டு பெயர் வைத்தான்.
நான் ஒன்றே ஒன்றுக்காகக் காது கொடுத்திருந்தேன்.
அது வரவில்லை.

அந்தக் கவனத்தில்தான் தடம் தவறினேன்.
இடுப்பு வரை ஒரே மூச்சில்.
சேற்றுக்கு வாய் உண்டு, பல் இல்லை;
அவசரமும் இல்லை.
அவன் திரும்பினான்.
பாவாடைக் கரையைப் பார்த்தான்,
அது மூழ்கியிருந்தது.
என் முகத்தைப் பார்த்தான்.
ஒரு விளக்கு அவனைக் கடந்துபோகும் நேரம்
அப்படியே நின்றான்.
பிறகு குப்புற விழுந்து கம்பை நீட்டினான்.
ஏனென்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

வந்தேன்.
வெறுங்காலோடு.
என் பூட்ஸ் இரண்டையும்
சேறு வைத்துக்கொண்டது.

வைத்துக்கொண்டு ஆளைத் தந்தது.

பாசியில் கன்னம் பதிய
அவன் கால்களைப் பார்த்தபடி கிடந்தேன்.
நான் பார்த்ததை அவனும் பார்த்தான் என்று நினைக்கிறேன்.
ஒன்றும் பேசாமல் கழற்றினான்.
"போட்டுக்கொள். குளிரும்."
உள்ளே அவனுடைய சூடு.
அதற்கும் அடியில் வேறொரு சூட்டை
என் விரல்கள் முட்டாள்தனமாகத் தேடின.

கம்பு என் கையிலேயே தங்கிவிட்டது.
அவன் திருப்பிக் கேட்கவில்லை.
வெறுங்காலால் பாசியைத் தடவித் தடவி
முன்னே போனான்.

ஒரு விளக்கு மட்டும் மிச்சம்.
சட்டை தீர்ந்துபோயிருந்தது அவனுக்கு.
லுக்யானுக்கு ஞானஸ்நானம் ஆனதுதான்,
மெழுகுவர்த்தி பிடித்ததே நான்தான்,
மெழுகு சொட்டிய தழும்பு இதோ.
என்றாலும் இவ்வளவு நீருக்கு அடியில்
ஒரு பெயர் எத்தனை நாள் தாங்கும்?
என் முக்காட்டைக் கிழித்தேன்.
பெயரைச் சொன்னேன்.

யர்மோலா நின்றான்.
திரும்பவில்லை.
முதுகு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

விடியும்போது மறுகரை.
எங்கோ காவல் நாய் குரைத்தது.
விறகு வண்டிக்காரன் கேட்டான்,
"யார் கூட்டி வந்தது?"
மீதிக் கூலி இடுப்பில் ஈரமாய்க் கனத்தது.
"வழி எனக்கே தெரியும்."

அவன் கீழே பார்த்தான்.
"பூட்ஸ் உனக்குப் பெரிது" என்றான்.