குறைகளோடு நிறைவு

பாடாங் செராய்க்கு வெளியே,
பழைய மூன்றாம் டிவிஷன் இருந்த சரிவில்
முப்பத்தாறு வீடுகள்.
ஒப்பந்தம் குறித்த நாளுக்கு
நூற்றுப் பதினெட்டு நாள் பிந்தி
நான் வந்திருக்கிறேன்,
முடிந்ததா இல்லையா என்று சொல்ல.

குத்தகையாளர் ஓங் ஹாக் செங்
காரின் முன்மூடியிலேயே கோப்பை விரித்துவிட்டார்.
தாமதத்துக்கு ஒரு நாளைக்கு
ஆயிரத்து இருநூறு ரிங்கிட் தண்டம்.
என் கையெழுத்தில் அந்த மீட்டர் நிற்கும்.
'இன்னிக்கே போட்ருங்க மிஸ்' என்கிறார்,
தோட்டத்துக் கடையில் கற்ற தமிழில்.
இன்று வியாழன்.
நாளை வெள்ளி, கெடாவுக்கு விடுமுறை.
தண்டத்துக்கு இல்லை.

விதி சொல்வது இவ்வளவுதான்:
கட்டிய நோக்கத்துக்குப் பயன்படுமானால்
சில்லறைக் குறைகள் இருப்பினும்
நிறைவெனக் கொள்க.
சில்லறை எது என்று ஒரு வரியும் இல்லை.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஐம்பது சென் காசால்
ஓடு ஓடாகத் தட்டுகிறேன்,
பலாப்பழத்தைத் தட்டுவதுபோல.
வெற்றொலி கேட்ட இடத்தில்
தள மேற்பார்வையாளர் ரோஸ்டி
நீலச் சாக்கட்டியால் வட்டமிடுகிறார்.
கதவுக் கீல். கைப்பிடி. சாயத்துளி.
பதின்மூன்றாவது வீடு வரை
எல்லாம் சில்லறை.

பதினான்குக்குச் சாவி தொலைந்ததாம்.
பின்பக்கம் போனோம்.

கொடியில் ஈரத்துணி.
ஜன்னல் விளிம்பில்
வெள்ளைப் பூச்சு காயும் பள்ளிக் காலணி.
சாக்கடையில், சூடு ஆறாத வடிகஞ்சி
நான் வரைபடத்தில் கேட்ட அதே சரிவில்
கிழக்கே போய்க்கொண்டிருந்தது.

ஓங்கின் முகம் மலர்ந்தது.
'ஆள் இருக்காங்க மிஸ்.
அப்ப இது வீடுதானே?'

வாதம் சரிதான்.
கூட்டுறவுக் கழக உறுப்பினர் குடியேறினால்
உரிமையாளரே ஏற்றதாகும் என்று
அடுத்த விதியை வைத்து வழக்காடலாம்.
வென்றவர்களும் உண்டு.

கதவைத் திறந்தவள் தவமலர்.
கையுறைத் தொழிற்சாலையின் இரவு ஷிப்ட்
இன்னும் கண்ணில் இருந்தது.
மன்னிப்புக் கேட்கவில்லை.
'லயத்தை இடிச்சாச்சு. வாடகைக்கு எங்க போறது?
நூத்துப் பதினெட்டு நாளு.'
என்னுடைய எண்ணை அவளும் வைத்திருந்தாள்.

பிறகு அவளே சொன்னாள், பட்டியல்போல:
'மழ பெஞ்சா ரெண்டாவது ரூம்ல
வடக்கு மூலை கசியுது.
சாக்கடைத் தண்ணி பதினேழுகிட்ட நின்னுருது.
குளியலறை சுவிட்சு
ஈரக்கையில தொட்டா சுர்ருங்குது,
பையனைத் தொடவேணாம்னு சொல்லிருக்கேன்.'

காய்ந்த மதியத்தில்
காசு தட்டி வந்த எனக்கு
இதில் ஒன்றும் கேட்டிருக்காது.

ரோஸ்டியின் பேனா நின்றது.
'குடியிருக்கிறார்கள் என்று எழுதவா?'
'நிலத்தொடர்புக் கம்பி இல்லை என்று எழுதுங்கள்.
முப்பத்தாறுக்கும் மறுசோதனை.
சான்றிதழ் இன்று இல்லை.'
துணியையும் காலணியையும் பற்றி
நான் எதுவும் சொல்லவில்லை.
எழுதாமல் விட்டவற்றுக்கு
ஒப்பந்தத்தில் பின்னிணைப்பு கிடையாது.

ஓங் கோப்பை மூடினார். கோபமில்லை.
பிடித்தத் தொகையில் பாதி
இம்மாதம் வந்துவிடும் என நம்பி
கொங்சியில் பதினோரு பேருக்குச்
சம்பளம் சொல்லியிருந்தாராம்.
அதுவும் எந்த விதியிலும் இல்லை.

'அப்ப சாவி எப்ப?' என்றாள் தவமலர்.
உள்ளே இருந்துகொண்டே
சாவி கேட்கிறாள்.

மூன்று வாரம் என்றேன். நாலு ஆகலாம் என்றேன்.
ரோஸ்டி போய் மெயின் சுவிட்சை இறக்கினார்.
உள்ளே ஒரு மின்விசிறி
தயங்கித் தயங்கி நின்றது.

திரும்பும் வழியில் பதினேழருகே
கஞ்சி தேங்கி ஆடை கட்டத் தொடங்கியிருந்தது.
குனிந்து வட்டமிடப் பார்த்தார் ரோஸ்டி.
ஈரத்தில் சாக்கட்டி எழுதவில்லை.