முப்பத்தெட்டு

விண்ணப்பத்தின் ஏழாவது பக்கத்தில்
ஒரு பெட்டி காலியாக நிற்கிறது.
"உங்கள் மதிப்பெண்கள் உங்கள் திறமையைக் காட்டவில்லை
என்று கருதினால் காரணம் கூறுக.
இருநூறு சொற்களுக்குள்."

உள்ளே கர்சர் சிமிட்டிக்கொண்டிருக்கிறது,
பாக்கி கேட்க வந்தவன் வாசலில் நின்று
தொண்டையைச் செருமுவது போல.

பெயர்: யுகேஷ்னி நைக்கர். ஊர்: சாட்ஸ்வொர்த், டர்பன்.
நீரியல், இரண்டாம் ஆண்டு: முப்பத்தெட்டு.
மறுபடி எழுதியதில் ஐம்பது.
ஐம்பத்தொன்றுகூட இல்லை,
யாரோ கையைப் பிடித்துக் கரையேற்றிய ஐம்பது.
புள்ளியியல் ஐம்பத்திரண்டு.
மண்ணியல்... அதை விடுங்கள்.

அம்மா டபுள் பீன்ஸ் உரித்துக்கொண்டே சொல்கிறாள்:
"அப்பா ஆஸ்பத்திரியில கெடந்தத எழுது.
படிக்கறவங்களுக்கு மனசு எளகும்."

எழுதினேன். அழகாகவே வந்தது.
ஆஸ்பத்திரியின் நீண்ட நடை,
பிளாஸ்டிக் நாற்காலியில் மடிமேல் விரித்த பாடக்குறிப்பு,
சொட்டுச் சொட்டாய் இறங்கிய குளுக்கோஸ்.
எல்லாம் நடந்ததுதான்.
ஆனால் நடந்தது மூன்றாம் ஆண்டில்.
முப்பத்தெட்டு அதற்கு முந்தைய ஆண்டு.
ஒரே ஒரு வருஷத்தை நகர்த்தினால் போதும்.
அப்பாவே சம்மதிப்பார்,
கூடவே பத்து நாள் காய்ச்சலும் சேர்த்துத் தருவார்.

அழித்தேன்.

உண்மை சின்னது. இருநூறு சொல் தேறாது.
எனக்குப் புரியவில்லை.
"விளங்கியதா?" என்று டாக்டர் ம்கீஸே கேட்டபோதெல்லாம்
நூற்றிருபது தலைகளோடு
என் தலையும் ஆடியது.
பிறகு வகுப்புக்குப் போவதை விட்டேன்.
காலையில் கிளம்புவேன், டாக்ஸியில் ஏறுவேன்,
கடற்கரையில் இறங்கிக்கொள்வேன்.
அலை யாரையும் விளங்கியதா என்று கேட்பதில்லை.

இப்போது அதே கரையில்
தண்ணீரைப் போத்தலில் பிடிப்பது என் வேலை.
ஆற்று முகத்துவாரம், காலை ஐந்தரை,
முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ்.
நூறு மில்லிலிட்டர் வடிகட்டி
சூட்டுப் பெட்டியில் ஓர் இரவு வைத்தால்
மறுநாள் தட்டில் நீலப் புள்ளிகள் பூத்திருக்கும்.
மேட்டுத் தெருவில் கழிவுக் குழாய் உடைந்த சேதியைக்
கோள்மூட்டும் புள்ளிகள்.
மழைக்கு மறுநாள் எண்ணி மாளாது,
பத்துக்கு ஒன்றாய்க் கரைத்து, முதலிலிருந்து.

நான் எண்ணிய தட்டை நொன்லான்லாவும் எண்ணுவாள்,
என் தாளை அவள் பார்க்காமல், அவள் தாளை நான் பார்க்காமல்.
முதல் வாரம் எனக்கு முப்பத்தெட்டு,
அவளுக்கு நாற்பத்தாறு.
என் கன்னம் சுட்டது.
அவள் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்:
"ஓரத்தை விட்டுட்டே. வா, இன்னொரு தரம்."
அவ்வளவுதான். யாரும் என்னை வெளியே அனுப்பவில்லை.
நான்கு வருஷமாக
விளிம்பிலிருந்துதான் எண்ணத் தொடங்குகிறேன்.

பரிந்துரைக் கடிதம் இரண்டு வேண்டுமாம்.
ஒன்று ஆய்வகத்தில் கிடைத்தது.
மற்றதற்கு, என்ன துணிச்சலோ,
டாக்டர் ம்கீஸேவுக்கே எழுதினேன்:
"உங்கள் பாடத்தில் முப்பத்தெட்டு வாங்கியவள் நான்.
மழைக்குப் பின் ஆறு எப்படித் தெளிகிறதென்று
நான்கு ஆண்டுக் கணக்கு என்னிடம் இருக்கிறது.
மூன்றாம் நாள் ஏன் மறுபடி ஏறுகிறது என்பது மட்டும்
விளங்கவில்லை."

ஒன்பது நாள் கழித்துப் பதில்:
"மன்னிக்கவும், உங்களை நினைவில்லை.
மூன்றாம் நாள் எனக்கும் விளங்கவில்லை.
கணக்கை அனுப்புங்கள்."

நினைவில்லையாம்!
இத்தனை வருஷம் நான் முதுகில் சுமந்ததை
அவர் அன்றைக்கே மேசையில் வைத்துவிட்டு
வீட்டுக்குப் போயிருக்கிறார்.
தனியாகச் சிரித்தேன்.
அம்மா எட்டிப் பார்த்தாள்: "எடம் கெடச்சிருச்சா?"
"அதெல்லாம் இன்னும் இல்லம்மா."

பெட்டியில் கடைசியாக நின்றவை முப்பத்தோரு சொற்கள்.
எட்டு மணிக்கு மின்வெட்டு.
ஏழு ஐம்பத்தாறுக்குச் சமர்ப்பித்தேன்.
வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது,
தெருவோடு சேர்ந்து அணைந்தது.

போனதா, தெரியவில்லை.
இருட்டில் தடவி
பூட்ஸை எடுத்துக் கதவோரம் வைத்தேன்.
முந்தாநாள் பெய்த மழைக்கு
நாளை மூன்றாம் நாள்.