ஈரக்குலை

பர்கூரிலிருந்து ஜெகதேவி போகும் வழியில்
கிரானைட் தூள் படிந்து வெளுத்த புளியமரத்தடியில்
வேனை நிறுத்துகிறார் டிரைவர்.
துணை சுகாதார நிலையத்தில் கரண்ட் இல்லை.
மெஷினுக்கு மட்டும் பேட்டரி.
எங்களுக்கு வேர்வை.

நான் டாக்டர் இல்லை என்று
முதலிலேயே சொல்லிவிடுவேன்.
அளப்பவள்.
ஜெல் தடவி, வலது விலாவில்
இரண்டு எலும்புக்கு நடுவே கருவியை ஊன்றி
பட்டனைத் தட்டினால்
உள்ளே ஒரு சின்ன அதிர்வு கிளம்பும்.
அது ஓடுகிற வேகம்தான் கணக்கு.
நல்ல ஈரலில் தயங்கித் தயங்கிப் போகும்.
இறுகிப்போனதில் பறந்துவிடும்.
பத்து முறை தட்டி
நடு எண்ணை எழுத வேண்டும்.

சட்டையைக் கழற்றியபடி திம்மராயன் கேட்டான்:
"ஈரக்கொல நடுங்குதுன்னு சொல்லுவமே,
அதையா மேடம் அளக்கறீங்க?"
ஆறு பக்க ஒப்புதல் படிவத்தில்
இவ்வளவு சரியாக
யாரும் எழுதியிருக்கவில்லை.

குவாரியில் பதினெட்டு வருஷம்.
சுத்தியலால் தட்டி, காதை வைத்து
பாறைக்குள் கீறல் எங்கே என்று சொல்கிறவன்.
"டங்குன்னு வந்தா முழுக்கல்லு, நல்ல வெல.
தொப்புன்னு வந்தா உள்ள ஒடைஞ்சிருக்குது."
ஏழாவது தட்டிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.
என் முகம் டங்கென்று ஒலித்திருக்க வேண்டும்.
பதினான்கு புள்ளி இரண்டு.
முழுக்கல்.
இங்கே அதற்கு விலை கிடையாது.

அடுத்து சாக்கம்மா,
மாங்கூழ் ஆலையில் கொட்டை பிரிக்கிறவள்,
விரல் இடுக்கெல்லாம் மஞ்சள்.
படிவத்தை உரக்க வாசித்தேன்.
"இந்த ஆய்வால் உங்களுக்கு
நேரடிப் பயன் இல்லாமலும் போகலாம்."
அந்த வரியில் எப்போதும் என் குரல்
கொஞ்சம் வேகம் பிடிக்கும்.
"அப்ப யாருக்கு?" என்றாள்.
"பின்னாடி வர்றவங்களுக்கு."
திரும்பிப் பார்த்தாள்.
வரிசையில் பின்னால் பச்சியம்மாள்
முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றாள்.
"இவளுக்கா? செரி" என்று
கையெழுத்துப் போட்டாள்.

பதினேழாவது கேள்வி: மது அருந்துவீர்களா?
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.
திரையில் எண் வந்ததும்
கை மட்டும் வாயிலேயே இருந்தது.
"குடிக்காதவங்களுக்கும் வரும்க்கா.
சக்கரை இருக்கில்ல? ஈரல்ல கொழுப்பு சேர்ந்திருக்கு."
"எனக்கா கொழுப்பு?" என்றாள்,
"எங்க மாமியா சொல்றதையே சொல்றீங்களே."
பிறகு, ஜெல்லைத் துடைத்தபடி, மெதுவாக:
"வூட்டுக்காரருகிட்ட எப்டிச் சொல்றது?
ஒளிஞ்சு குடிச்சேன்னுதான் நெனைப்பாரு."
அதற்குப் படிவத்தில் கேள்வி இல்லை.
ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன்,
இது சாராயத்தால் வந்ததல்ல என்று,
கீழே ஆய்வின் முத்திரையும் குத்தி.
அப்படிக் குத்தக் கூடாது.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது சுற்று.
சாக்கம்மா மூன்று கிலோ குறைந்திருந்தாள்,
சீட்டை இன்னும் பர்சில் வைத்திருந்தாள்.
பச்சியம்மாளுக்கு எல்லாம் சரியாக இருந்தது;
அதில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.
திம்மராயன் வீடு பூட்டியிருந்தது.
பெங்களூரில் சென்ட்ரிங் வேலை என்றார்கள்.
ஓசூர் என்றும் சொன்னார்கள்.

சாயங்காலம் சென்னையிலிருந்து போன்,
புள்ளிவிவரம் பார்க்கிறவர்.
"நூற்றுப் பதினேழாம் நம்பர்,
பின்தொடர்தலில் தவறியவர், சரிதானே?"
"சார், எங்க ஊர்ல தவறிட்டார்னா
செத்துட்டார்னு அர்த்தம்."
"கோடு அதுதாம்மா. ஆறு."

ஆறு என்று போட்டேன்.
பக்கத்துக் கட்டத்தில், குறிப்புக்கான இடத்தில்
பொடி எழுத்தில் எழுதினேன்:
பூட்டு புதுசு.
திரும்பி வர நினைக்கிறவர்கள்தான்
புதுப் பூட்டு வாங்குவார்கள்.

அதை மென்பொருளில் ஏற்ற வழியில்லையாம்.
சனிக்கிழமை அந்தப் பக்கம் போகிற வேலை இருக்கிறது.
பேட்டரியைச் சார்ஜில் போட்டிருக்கிறேன்.