தண்ணீர் திறந்த ஞாயிறு

கீழக்குயில்குடிக் குளத்தில் பூத்திருந்த தாமரைகளைவிட
அவற்றைப் படம் எடுப்பவர்கள் அதிகம்.
மின்வாரியக் கணக்குப் பிரிவிலிருந்து பதினொரு பேர் நாங்கள்.
வாடகை வேன், இரண்டு தூக்கு புளியோதரை,
ஆரோக்கியதாஸ் சார் தட்டச்சு செய்து கொண்டுவந்த பட்டியல்:
எட்டு இடம், ஒரு பகல்.

சமணர்மலை ஏறி இறங்க நாற்பது நிமிடம்
என்றது பட்டியல்.
பாறைக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு
அப்படி ஒரு அவசரமும் இல்லை.
மூக்கு தேய்ந்த முகம், தலைக்கு மேல் முக்குடை,
மடியில் மெல்ல இடம் மாறும் வெயில்.
"இவங்கள நம்ம ஆபீசுல உக்காரவெச்சா
ஒரு ஃபைலும் நகராது" என்றாள் பர்வீன்,
செருப்பைக் கையில் பிடித்தபடி.
அந்தச் சிரிப்பு கொடிமங்கலம் தாண்டியும்
வேனுக்குள்ளேயே இருந்தது.

மேட்டுப்பட்டி சித்தர்மலை.
மூச்சு வாங்க ஏறினால்
குகைக்குள் கல் படுக்கைகள்,
தலையணையும் கல்லிலேயே.
வெட்டிக்கொடுத்தவர்களின் பெயர்கள் பக்கத்தில்.
மதுரையை அங்கே
'மதிரை' என்று கொத்தியிருக்கிறார்கள்.
ஆரோக்கியதாஸ் சாரின் விரல்
சட்டைப்பையில் சிவப்புப் பேனாவைத் தொட்டு
மீண்டது.

எல்லோரும் புளியோதரைக்கு இறங்கிய பிறகு
ஒரு படுக்கையில் நான் படுத்துப் பார்த்தேன்.
தோளுக்குச் சரியாக இருந்தது,
இடுப்புக்கு இடம் போதவில்லை.
முதுகில் ஏறியது குளிர்.
பேருந்து நிலைய பெஞ்சில் தோன்றுவதுபோல,
அடுத்த ஆள் வருவதற்குள்
எழுந்துவிட வேண்டும் என்று தோன்றியது.
எழுந்தேன். யாரும் வரவில்லை.

"வைகை எங்கே?" என்று மேலிருந்தபோது கேட்டதற்கு
ஆளுக்கொரு திசை காட்டினார்கள்.
எல்லாத் திசையிலும் சீமைக்கருவேல்.

குருவித்துறையில் ஜெயக்கொடி
குருவுக்கு மஞ்சள் துணி சாத்தி
இடமாறுதல் கேட்டாள்.
எந்த ஊருக்கு என்பதை
எங்களிடம் சொல்லவில்லை.
சோழவந்தானில் வெற்றிலை வாங்க இறங்கியவர்கள்
அரை மணி தின்றார்கள்.
பட்டியலில் ஒரு கோடு விழுந்தது, அடித்து.

திருவேடகம் வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது.
ஆற்றை எதிர்த்து ஒரு ஏடு நீந்தி வந்து
ஒதுங்கிய கரையாம்.
படித்துறைக்குக் கீழே மணல்,
மணலில் கிரிக்கெட்,
ஸ்டம்புக்கு மூன்று கருவேலங்குச்சி.
"எதிர்த்து நீந்த முதல்ல தண்ணி வேணுமில்ல"
என்று பர்வீன் சொல்லி முடிக்கவில்லை,
பேட் பிடித்திருந்த பையன் திரும்பினான்.
பொரி கொட்டுவதுபோல ஒரு சத்தம்.

முதலில் நுரை.
நுரையின் விளிம்பில் வேப்பஞ்சருகு,
ஒற்றைச் செருப்பு,
எறும்புகள் ஏறிய ஒரு குச்சி.
அணையில் திறந்தது என்றைக்கோ,
இங்கே வந்து சேர்வது இப்போதுதான்.
ஓடி வரவில்லை அது.
ரேஷன் கடைக்குப் போகிற ஆள்போல நடந்து வந்தது.
மணல் அள்ளிய குழி ஒவ்வொன்றிலும் நின்று,
வாய்வரை நிரப்பி,
பாக்கி தீர்ந்ததா என்று பார்த்துக்கொண்டு,
அப்புறம்தான் அடுத்த குழி.
பையன்கள் ஸ்டம்பைப் பிடுங்கிப்
பத்தடி தள்ளி நட்டார்கள்.
மறுபடி பிடுங்கினார்கள்.

காலையிலிருந்து ஸ்டியரிங்கை விட்டு இறங்காத
டிரைவர் சோணைமுத்து,
எந்த மலையையும் கீழிருந்தே பார்த்த சோணைமுத்து,
பேன்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு
மணலில் இறங்கினான்.
தண்ணீருக்கு முகம் காட்டி நின்றான்.
கட்டைவிரலை அது தொடும்போது
ஒரு அடி பின்னால்.
திரும்பத் தொட்டால் இன்னொரு அடி.

"கீழடி மூடிருவாங்க சார்" என்றது யாரோ.
ஆரோக்கியதாஸ் சாரின் பட்டியல்
கண்ணாடிக்கூட்டுக்குள் மடிந்து கிடந்தது.
சார் படியில் உட்கார்ந்து
ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

குறுகிய சந்தில் லாரியை ரிவர்ஸ் எடுக்கச் சொல்லி
பின்னால் நிற்பவன் கூப்பிடுவானே,
அந்தக் குரலில்,
இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி,
மதுரைப் பக்கமாகப் பின்வாங்கிக்கொண்டே
ஆற்றைக் கூப்பிட்டான் சோணைமுத்து:
"வரலாம்... வரலாம்...
இன்னும் வா... இடமிருக்கு, வா..."