நள்ளிரவுக்குள்

இரண்டு கல்லூரிகள் கைப்பேசியில் காத்திருக்கின்றன.
பன்னிரண்டு தாண்டினால் இரண்டும் இல்லை.

கோலாலம்பூரில்
பதினேழாம் மாடியில் வகுப்பு. கீழே ரயில்.
அறைக்கு மாதம் எழுநூறு வெள்ளி,
சன்னல் திறந்தால் பக்கத்துக் கட்டடச் சுவர்.

நீலாயில்
ஏரி, புல்வெளி, சைக்கிள் பாதை.
படத்தின் ஓரத்தில்
வெட்டாமல் விட்ட நாலு செம்பனை.

"இங்கதான் நல்ல காத்து"
கையுறைத் தொழிற்சாலைச் சீருடையை
மடித்தபடி அம்மா.
தம்பி புவனேஸ் ஒன்றுதான் கேட்டான்:
"அங்க கடைசி பஸ் எத்தனைக்கு?"
ஏழு.
"அப்ப நம்ம பகாவ்தான்."

செம்பனை நிரைகளில் நடந்தே
பள்ளிக்குப் போனவள் நான்.
எந்தக் குவியலில் பாம்பு கிடக்கும்,
தெரியும்.
ரயிலில் எந்தப் பக்கக் கதவு திறக்கும்,
தெரியாது.

பதினொன்று ஐம்பத்திரண்டு.
தெரியாததை அழுத்தினேன்.

அம்மா எழுநூறைப்
பன்னிரண்டால் பெருக்கத் தொடங்கினாள்.